சொல்லக்கூடாத விலாசம்

“இந்தக் காலத்துல எவனாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை நேராச் சொல்றானா? எல்லாம் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்துக்குதுங்க!”

மலையூர் கிளினிக்கின் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார் டெல்பர்ட். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து நெஞ்சு கெட்டுப்போன கிழவர். குரல் மட்டும் கெடவில்லை. தோளில் ஒரு பலகை, அதில் சிவப்பு பெயின்ட்டில் ‘கருவைக் கொல்லாதே’.

காரைப் பூட்டிவிட்டு வந்த நர்ஸ் வில்மா அவரை முறைத்தாள். “வாயைத் திறக்கத்தான் நீங்க இருக்கீங்களே பெரியவரே. இந்த மலைக்கே அது போதும்.”

“நரகத்துக்குப் போற வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறேன்.”

“எங்க கார் போற வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க. இங்க யாரும் கருவைக் கலைக்கறதில்ல. சளிக்கும் சர்க்கரைக்கும் வர்றவங்களைப் போய் எதுக்குத் திட்டறீங்க?”

“எவ எதுக்கு வர்றான்னு யாரு கண்டா? நான் யாரையும் நம்பறதில்ல.”

வில்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு முதலில் வந்தவள் ஷெல்பி. கோழிக்கறி ஃபேக்டரியில் வேலை. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்.

“எனக்கு இது வேண்டாம் மிஸ் வில்மா. மூணாவது பிரசவத்துல ரத்தம் நிக்கவே இல்ல. இன்னொண்ணு உடம்பு தாங்காதுன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டார். மூணும் சின்னதுங்க. நான் போயிட்டா அதுங்களை யாரு பாப்பா? எங்க போனா கலைப்பாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

வில்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் கண்ணு. சொல்லக்கூடாது. இது அரசாங்கப் பணத்துல நடக்கற இடம். அதுக்கு வழி காட்டினோம்னா பணத்தை நிறுத்திடுவாங்க. போன வருஷம் ஒரு காலேஜ் பொண்ணு வாசல்ல நின்னு விலாசம் எழுதின தாளைக் குடுத்துக்கிட்டிருந்தா. எங்க ஆளே இல்ல அவ. அதுக்கே மேலேருந்து விசாரணைக்கு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணை நாங்களே கெஞ்சி அனுப்பி வெச்சோம். இதையும் மூடிட்டா, இந்த மலையில பிரஷர் மாத்திரை எழுதித் தரக்கூட ஆளில்ல.”

“போன்ல தேடினேன். ஆஸ்பத்திரின்னு போட்டிருந்தாங்க, நம்பிப் போனேன். டாக்டரே இல்ல அங்க, கலைக்கவே கூடாதுன்னு பேசற சபைக்காரங்கதான். எனக்காக ஜெபம் பண்ணி, குழந்தைக்குன்னு ஒரு ஜோடி சாக்ஸ் குடுத்து அனுப்பிட்டாங்க. இனிமே நான் எதை நம்பறது?”

“பிரசவம் பாக்கற டாக்டர் பேரு வேணா தரேன். அது தரலாம்.”

“அவரு கலைப்பாரா?”

“மாட்டாரு.”

ஷெல்பி சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. சட்டம் எழுதியவன் எவனும் அந்த அறையில் இல்லை. இருந்திருந்தாலும் அவன் வேறு பக்கம்தான் பார்த்திருப்பான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்ததும் டெல்பர்ட் பிடித்துக்கொண்டார்.

“ஏ பொண்ணு! நில்லு! நீ எங்க போகப் பாக்கறேன்னு எனக்குத் தெரியும்!”

அவள் நடையை எட்டிப் போட்டாள். கிழவர் மூச்சிரைக்கக் கூடவே வந்தார்.

“போகாதே! ஆத்துப் பாலம் தாண்டி, மாவு மில்லுக்குப் பின்னால, பச்சைக் கதவு போட்ட கட்டடம். அது ஆஸ்பத்திரி இல்ல, நரகம்! செவ்வாய்க்கிழமைதோறும் ஒருத்தி வருவா. டாக்டரா அவ? படிச்ச பிசாசு!”

ஷெல்பியின் கால் நின்றுவிட்டது.

சத்தம் கேட்டு வில்மா ஓடி வந்தாள். “யோவ், மனுஷன்தானா நீ? அந்தப் பொண்ணே பாதி செத்து நிக்குது! போலீஸைக் கூப்பிடட்டுமா?”

“தாராளமாக் கூப்பிடு! சாமி பேரைச் சொல்லித் திட்டறதுக்கு இந்த நாட்டுல எவன் தடை போட்டிருக்கான்?” ஷெல்பியின் பக்கம் திரும்பிப் பலகையை ஆட்டினார். “காசில்லாட்டியும் பரவால்ல வாம்பாளுங்க, அப்படிப்பட்ட பாவிங்க! பழைய பிரசவத்துச் சீட்டு இருந்தா எடுத்துட்டு வாம்பாளுங்க! துணைக்கு ஆள் இல்லாம வெளியே விடமாட்டாளுங்க! போகாதே, எரிஞ்சு சாம்பலாயிடுவே!”

“உம்ம வயசுக்கு நான் கை ஓங்கக்கூடாது,” என்ற வில்மாவுக்குக் கோபத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

டெல்பர்ட் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பலகையைக் கீழே இறக்கினார். குரலையும்தான்.

“எல்லாம் சரியாக் காதுல விழுந்துச்சாம்மா, இல்ல இன்னொரு தடவை திட்டட்டுமா?”

“விழுந்துச்சு... பாலம், மில்லு, பச்சைக் கதவு, செவ்வாய்க்கிழமை,” என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னாள் ஷெல்பி, “துணைக்கு எங்க அக்கா வருவா.”

“வர்றேம்பாளுங்க, வரமாட்டாளுங்க,” என்று முனகிக்கொண்டே, கொஞ்சமும் நம்பாத முகத்தோடு பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார் கிழவர்.