டார்க் ஆகட்டும், நில்லு!

"நில்லுலே! எங்க வெளக்கு?"

புளியமரத்தடியில் பதுங்கி நின்ற ஏட்டு மூக்கையா ஒரே தாவாகத் தாவி, சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவன் சோலைமுத்து, மில் தொழிலாளி. வேடசந்தூர் ரோட்டில் ராத்திரி ஷிப்டுக்காகத் திண்டுக்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"ஏட்டய்யா, இன்னும் இருட்டலையே!"

"அடடே, நீயும் அந்தக் கட்சியா?"

மூக்கையாவுக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் கோர்ட்டில் அவர் மானம் கப்பலேறியிருந்தது. விளக்கில்லாத சைக்கிள்காரன் ஒருவனைப் பிடித்து ஆசையாகக் கேஸ் போட்டிருந்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"ஏட்டு, டஸ்க் வேறே, டார்க் வேறே. டஸ்க்குன்னா வெளிச்சம் போய்க்கிட்டிருக்கு. எதிர்ல வர்ற ஆள் முகம் தெரியும். டார்க்குன்னா போயே போச்சு, முகம் தெரியாது. விளக்கு டார்க்குக்குத்தான் வேணும்."

கேஸ் தள்ளுபடி. டவாலி போட்ட கோர்ட் சேவகன்கூடச் சிரித்தான்.

இந்தத் தடவை விட்டுவிடுவாரா மூக்கையா?

"சரிடா, இப்போ டஸ்க்குதான். ஒத்துக்கிடுறேன். ஓரமா நில்லு. டார்க் ஆகட்டும், அப்புறம் பிடிக்கிறேன்!"

சோலைமுத்து பதறிப்போனான்.

"ஐயா, ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டாயிருச்சு. இன்னைக்கு மில் சங்கு ஊதுறதுக்குள்ள போகலைன்னா வேலையே போயிரும்யா. எங்கிட்ட வெளக்கு இருக்குங்கய்யா. ஓடைப் பாலத்துல..."

"விழுந்திருச்சாக்கும்! இந்த மாதிரி எம்புட்டுக் கதை கேட்டிருக்கேன்!"

"இல்லீங்கய்யா, அங்க வந்து..."

"வாயை மூடுலே!"

வாயை மூடிக்கொண்டு நின்றான் பாவி மனுஷன். மேற்கே சிவப்பு கரைந்துகொண்டிருந்தது. மூக்கையா அவன் எதிரிலேயே நின்று முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். கண், மூக்கு, மீசை எல்லாம் தெரிந்தன. செத்த நேரம் கழித்துக் கண் தெரியவில்லை. அப்புறம் மீசை போயிற்று. கடைசியில் முகமே தெரியவில்லை.

"ஆச்சு! டார்க்!"

குனிந்தார். இரண்டு சக்கரத்திலும் வால்டியூபைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புஸ்ஸென்று காற்று போயிற்று.

"நாளைக்கு ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்க."

சோலைமுத்து சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தான். நாலு எட்டு போனவன் திரும்பினான்.

"ஐயா, அந்தப் பக்கமா போனீங்கன்னா பார்த்துப் போங்க."

"என்னையே மிரட்டுறியாலே? போலே!"

மூக்கையா போக வேண்டியதும் அவன் வந்த அந்தப் பக்கம்தான். வேடசந்தூரில் மச்சினன் கல்யாணம். தன் சைக்கிளை எடுத்து ஏறி மிதித்தார். அதில் விளக்கு இருந்ததா என்று கேட்காதீர்கள். ஏட்டையாவை யார் பிடிப்பது?

கேஸ் பிடித்த குஷியில் சைக்கிள் பறந்தது. கொஞ்ச தூரத்தில், நடு ரோட்டில் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம்.

"எவன்லே அது, நட்ட நடு ரோட்டுல?"

வெளிச்சம் அசையவில்லை. எரிச்சலோடு பிரேக் போட்டு இறங்கிப் போனார்.

ஆள் யாரும் இல்லை. ரோட்டை மறித்து வேலிமுள் போட்டிருந்தது. அதன் நடுவே ஒரு குச்சியில், சிவப்புத் துணி சுற்றிய பேட்டரி சைக்கிள் விளக்கு தொங்கியது. முள்ளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஓடைப் பாலத்தில் ஓராள் நடக்கும் அகலம் போக மீதியைக் காணோம்! அன்று மத்தியானம் பெய்த மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே, நல்ல ஆழத்தில், பாறையில் மோதித் தண்ணீர் இரைந்தது.

 விளக்கின் தகரத்தில் ஆணியால் கீறியிருந்த எழுத்தைக் குனிந்து படித்தார்.

'சோலைமுத்து.'

விளக்கை அவர் தொடவில்லை. சைக்கிளைத் திருப்பினார். கல்யாணத்தை மறந்தார். மூச்சிரைக்க மிதித்தார். ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு போனவனை எட்டிப் பிடித்தார்.

"அப்பு, சைக்கிளை அந்த வேலியில சாத்திட்டு எம் பின்னால ஏறு. ஒன்னும் கேக்காதே, ஏறு!"

அவர்கள் மில்லை நெருங்குவதற்குள் சங்கு ஊதிவிட்டது. கேட்டைச் சாத்திவிட்டார்கள். ஏட்டின் பின்னால் சோலைமுத்து இறங்குவதைப் பார்த்ததும் வாட்ச்மேன் இளித்தான்.

"என்ன ஏட்டய்யா, இவன் வெளக்கில்லாம வந்து மாட்டிக்கிட்டானா?"

மூக்கையா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வெளக்கில்லாம வந்து மாட்டினவன் நான்தாம்ப்பா. இவரு லேட்டானதும் என்னாலதான். மேனேஜரைக் கூப்பிடு, அவர்கிட்டயும் இதையே சொல்றேன்."