முன் சீட்டுத் திமிங்கிலம்

புத்தகத்தின் பக்க முனையை மடிக்கிறவர்களைப் பூங்குன்றன் மனிதர்களில் சேர்ப்பதே இல்லை. பேருந்தில் முன் சீட்டு மீசைக்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். யார் எழுதிய புத்தகத்துக்கு இந்தக் கதி என்று பல்லைக் கடித்தபடி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவன், அப்படியே படிக்க ஆரம்பித்துவிட்டான். தூங்கும் திமிங்கிலம் ஏன் மூழ்கிப் போவதில்லை என்று எழுதியிருந்தது.

“மண்டபம் எறங்கு!” கண்டக்டர் கத்தினார். “தம்பி, நீங்கதான கேட்டீங்க?”

கல்யாண மண்டபத்துக்குள்ளே அவனுடைய உயிர் நண்பன் தாலி கட்டப் போகிறான். இங்கே திமிங்கிலத்துக்கு இப்போதுதான் பாதி மூளை தூங்கியிருக்கிறது.

“அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்கிறேண்ணே.”

கெட்டிமேளம் ஜன்னல் வழியாகக் கேட்டு, பின்னால் போய்த் தேய்ந்தது. மீசைக்காரர் தாளைப் பாதி தூக்கி நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை.

“முடிச்சாச்சா தம்பி? திருப்பட்டுமா?”

“ரெண்டு வரி இருக்கு சார்.”