வடக்கே போன ரோந்து

அந்நியக் கப்பல்காரர்கள் திருட்டுத்தனமாக மீனை வாரிக்கொண்டு போவதோடு தன் வலையையும் கிழிக்கிறார்கள் என்று மனு மேல் மனு போட்டவர் மாசிலாமணிதான். 1986-இல் ஒருவழியாகப் பழவேற்காட்டுக்குப் பட்டாளம் வந்தது, கூடவே ஒரு மெஷினும் வந்தது.

"வயர்லெஸ்ல அவனுங்க பேசறதை இது அப்படியே தமிழாக்கிடும்" என்றார் அதிகாரி.

மெஷின் கடகடவென்று அடித்துத் தள்ளியது: 'இங்கே மீனே இல்லை. எல்லோரும் வடக்கே போங்கள்.'

"நீ சொல்லுய்யா, இப்ப மீன் எந்தப் பக்கம்?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். "வடக்கேதான் சார்."

"மெஷினும் மனுஷனும் ஒண்ணே சொல்றாங்க!" ரோந்துப் படகு வடக்கே பறந்தது.

மறுநாள் வெறுங்கையோடு திரும்பிய அதிகாரி, மெஷினை எட்டி உதைக்காத குறை. "தப்புத் தப்பா மொழிபெயர்க்குது!"

"அது சரியாத்தான் சார் சொல்லிச்சு. அந்தக் கப்பல்காரன்தான் கூட வந்த கப்பலுங்களுக்குப் பொய் சொல்லியிருக்கான். மீன் பட்ட எடத்தை எவன் சார் வாயத் தொறந்து சொல்லுவான்? அவன் நின்னது தெற்கே."

"அப்ப நீ இன்னாத்துக்குய்யா வடக்குனு சொன்னே?"

மாசிலாமணி, நேற்று ராத்திரி புதிதாகக் கிழிந்த வலையைத் தூக்கிக் காட்டினார்.

"நான் வலை போட்டதும் தெற்கேதான் சார்."