பூண்டியில் ஒரு ஓட்டுகூட இல்லை

“என்னய்யா திருமலைச்சாமி, என் பெட்டியில ஒரு சீட்டுகூட விழலையே! இருபது வருசம் வைத்தியம் பாத்ததுக்கு நல்லாத்தான்யா மரியாதை செஞ்சீங்க!”

மட்டக்குதிரையிலிருந்து இறங்கும்போதே டாக்டர் சேனாதிபதி பொரிந்து தள்ளினார். ஐம்பத்தேழாம் வருடச் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். தோற்றதுகூடப் பரவாயில்லை. அப்போதெல்லாம் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓட்டுப்பெட்டி; பூண்டியிலிருந்து போன அவருடைய குடைச் சின்னப் பெட்டியை எண்ணும் இடத்தில் எல்லார் முன்னாலும் கவிழ்த்துத் தட்டினார்கள். தூசிகூட விழவில்லை. மானம் கப்பலேறிவிட்டது.

ஊர்ப் பெரியவர் திருமலைச்சாமி தலையைச் சொறிந்தார். “கோவிச்சுக்கிறாதீங்க டாக்டரய்யா.”

“கோவிக்காம? காலராவுல ஊரே படுத்துக் கெடந்தப்போ வந்தவன் நான். என்னை எதுத்து நின்னு செயிச்ச அந்த லாரிக்காரன் ஒங்களுக்கு என்னய்யா செஞ்சான்?”

“ஒண்ணுஞ் செய்யலீங்க. அதான் அவருக்குப் போட்டோம். மெட்ராசுல போய்க் கெடக்கட்டும். நீங்க போயிட்டா எங்களுக்கு யாருங்க இருக்கா? ஒருத்தரும் ஒங்களுக்குப் போடக் கூடாதுன்னு கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியமே செஞ்சுட்டோம்!”

திருமலைச்சாமியின் மகள் அன்னக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “எம் மூணு பிள்ளைகளுக்கும் பிரசவம் பாத்தது நீங்க. ஒங்களை அனுப்ப எப்படிங்க மனசு வரும்?”

இப்படிப் பாசத்தைக் கொட்டித் தோற்கடித்தவர்களை என்னவென்று திட்டுவது?

“அட கிறுக்குப் பிடிச்சவங்களா! செயிச்சிருந்தா ஒங்க ஊருக்கு ஆசுபத்திரியும் சின்ன வயசு டாக்டரும் கொண்டாந்திருப்பேனே!”

“புது ஆளு நமக்கு எதுக்குங்க? கைராசி ஒங்களுக்குத்தான்.”

அதற்குள் அன்னக்கொடி உள்ளே ஓடிப்போய், காய்ச்சலில் துவண்டு கிடந்த கைக்குழந்தையைத் தூக்கி வந்தாள். “நல்ல நேரத்துல வந்தீங்க சாமி! வெரசா ஒரு ஊசி போடுங்க.”

டாக்டர் பெட்டியைத் திறந்தார். ஒரே மாதிரி இரண்டு மருந்துக் குப்பிகள். ஒன்றை எடுத்தார், வைத்தார், மற்றதை எடுத்தார். ‘பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனி ஊசியைத் தொடாதீர்கள்’ என்று மதுரையில் கண் டாக்டர் சொன்ன மறுநாள்தான் அவர் தேர்தலில் நிற்கவே கிளம்பினார். அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

குப்பியைத் திருமலைச்சாமியிடம் மெல்ல நீட்டினார். “இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுமய்யா.”

திருமலைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். “நமக்கு எங்கிட்டுங்க வாசிக்கத் தெரியும்? அதுக்குத்தானே ஒங்களை இங்கேயே நிப்பாட்டி வச்சிருக்கோம்!”