மூத்தது விட்டுக்கொடுக்கட்டும்

எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் மாறும் வழக்கம் கிடையாது.

மருமகள் கணினி முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கணினியை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளின் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம்.

"என்னம்மா சிக்கல்?"

"அசையாம உறைஞ்சு நிக்குது மாமா. உள்ள ரெண்டு வேலை, ஆளுக்கொரு பூட்டைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ முதல்ல விடு, அப்புறம் நான் விடறேன்'னு முறைக்குது. மொத்தமும் முடங்கிப்போச்சு."

"வீம்பு பிடிச்ச கழுதைங்க! மூத்தது எதுவோ, அது முதல்ல விட்டுக்கொடுக்கட்டும். அதுதான் மரியாதை."

மேசைமேலிருந்த போனில் அவள் அலுவலகத்தார் இருப்பார்கள், கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

போன் கனைத்தது. "அப்ப எப்பண்ணே வீட்டுக்கு வர்றீங்க?"

பாகப்பிரிவினைக்குப் பிறகு, அவனே முதலில் வரட்டும் என்று நான் பேசாமலிருந்த என் தம்பி!

"கணினி?" என்றேன், பல்லைக் கடித்தபடி.

"அது காலையிலேயே சரியாயிடுச்சு மாமா."

சொல்லியாகிவிட்டது. செருப்பைத் தேடினேன்.