பின்கதவு இருந்த இடம்

காளியாயி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தேடினாள்.

கதவு இல்லை. அது இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சிமெந்துப் பூச்சு ஈரம் காயாமல் கறுத்துக் கிடந்தது.

பத்தொன்பது வருடமாக அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அவளுக்குத் தெரிந்தது அந்தக் கதவு மட்டும்தான். துரையின் குளியலறைக்குப் பின்புறம், குனிந்து நுழைகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. துரை உட்காரும் மரப்பெட்டிக்கு அடியில் இருக்கும் மலச்சட்டியை இழுத்து எடுக்க வேண்டும். வாளியில் கொட்டிக் கழுவி வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். யார் கண்ணிலும் படக்கூடாது.

புதுத் துரைசாணி வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. சீமைப் புத்தகத்தில் படம் பார்த்து, பழைய குளியலறையை இடித்துப் போடச் சொல்லிவிட்டாள். நாலு கால் வைத்த இரும்புத் தொட்டி வெளியே போனது. நானுஓயா ஸ்டேஷனிலிருந்து லொறியில் மரப்பெட்டிகள் வந்தன. வைக்கோலை விலக்கினால் குளிக்கும் தொட்டி, முகம் கழுவும் பேசின், உட்காரும் கோப்பை, மூன்றும் ஒரே இளஞ்சிவப்பு. சுவரில் நெஞ்சளவுக்கு அதே நிறத்தில் டைல்ஸ். இப்போது எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று துரைசாணி சொன்னாளாம்.

இவ்வளவும் மகன் சொல்லித்தான் காளியாயிக்குத் தெரியும். டைல்ஸ் ஒட்டியது அவன்தான்.

சின்னராசாவுக்குப் பதினாலு வயதாகும்போதே அவனை அட்டன் டவுனில் மேசனாக இருந்த இக்னேசியஸிடம் வேலை பழக அனுப்பிவிட்டாள். தோட்டத்தில் இருந்தால் அவன் கையிலும் இந்த வாளிதான் ஏறும் என்று அவளுக்குப் பயம். பத்து வருடமாக அவன் வேலை நடக்கிற பங்களாக்களிலேயே படுத்து எழுந்தவன்; தோட்டத்து வழக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது. இந்த இரண்டு மாதம்தான் தாயோடு இருந்தான்.

"சங்கிலிய இழுத்தா எல்லாம் போயிரும்மா. ஒரு சத்தம், அவ்வளவுதான்" என்று போன வாரம் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டே சொன்னான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. பங்களா வேலை நின்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் கூட்டப் போடுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

குசினிப் பக்கமிருந்து சமையல்கார நல்லமுத்து வந்தார். எப்போதும் நிற்கிற தூரத்திலேயே நின்று, ஒரு கடிதத்தைப் படிக்கட்டில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

"ஒம் பேர வெட்டிட்டாங்க காளியாயி. மாசக் கடைசிக்குள்ள காம்பிராவ விட்டுரணும்னு எழுதியிருக்கு."

அவர் போன பிறகுதான் அவள் கல்லை நகர்த்திக் கடிதத்தை எடுத்தாள்.

லயத்தின் கடைசிக் காம்பிரா அவளுடையது. ஒரே அறை. புருஷன் காய்ச்சலில் செத்தது அங்கேதான். சின்னராசா பிறந்ததும் அங்கேதான். தோட்டப் பதிவில் யாருக்குப் பேர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் காம்பிரா. சின்னராசாவுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை.

என்ன குற்றம் செய்தோம் என்று யோசித்தாள். எந்த நாள் சட்டியைச் சரியாகக் கழுவவில்லை? காய்ச்சலோடு வந்த நாளிலா? துரை வெளியே வந்ததும் காலில் விழுந்துவிட வேண்டியதுதான் என்று முன்பக்கம் போகத் திரும்பினாள்.

முன்பக்கத்திலிருந்து சின்னராசா வந்துகொண்டிருந்தான். தலைவாரி, சலவைச் சட்டை போட்டிருந்தான். சுவருக்கு முன்னால் நிற்கும் தாயைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாத்தியா? நேத்து நாந்தான் அடைச்சேன். வேல நல்லாருக்கு, ஒனக்கு என்ன வேணும்னு தொரை கேட்டாரும்மா. எங்கம்மா பேர வெட்டிருங்க, இனி அவங்க இந்த வாளியத் தொடக்கூடாதுன்னு சொன்னேன். ஒடனே எழுதிட்டாரு."

காளியாயி கடிதத்தை நாலாக மடித்தாள். இடுப்பில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு சரிவின் ஓரத்துக்குப் போனான். இரண்டு கையாலும் ஓங்கி வீசினான். தேயிலைக்குள் அது உருண்டு போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஏம்மா, சந்தோசமா இல்லையா?"

"இருக்கேன்டா."

இருவரும் லயத்துக்கு இறங்கினார்கள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் பாதை தெரியவில்லை. முன்னால் நடந்த சின்னராசா பேச்சை நிறுத்தவே இல்லை. வாசற்படி உடைந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கட்டிவிடுவானாம். கூரைத் தகரத்தை மாற்றிப் போடுவானாம். மிஞ்சிய டைல்ஸில் ஆறு துண்டைத் துரைசாணி அவனையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாளாம், உடைசல் இல்லாத துண்டுகளாம்.

"நம்ம காம்பிராவுல எங்கம்மா ஒட்டட்டும்?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

காளியாயி இடுப்பிலிருந்த கடிதத்தின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அடுப்புக்குப் பின்னால ஒட்டுடா" என்றாள்.