உள்ளே அறுந்த புரி

ஒரு சர்க்கஸ் கூடாரத்தின் உச்சியிலிருந்து கயிறு ஒன்று தொங்கியது. ஆறு வருஷமாக அதைப் பிடித்துத்தான் ஃபிலோமினா அந்தரத்தில் ஆடினாள். போன வாரம் அதன் மூன்று புரிகளில் ஒன்று உள்ளுக்குள் அறுந்துவிட்டது. வெளியே தெரியவில்லை. கயிறு மாட்டியிருந்த இரும்புக் கொக்கிக்கு மட்டும் தெரியும்.

"அவளுக்குத் தெரியப்படுத்திடு" என்றது கொக்கி.

"தெரிஞ்சா என்னைக் கழட்டிப் போட்டுடுவாங்க. எப்படியாவது தாங்கிடுவேன். அவ விழுந்தாலும் கீழே வலை இருக்கே?"

"இன்னிக்கு இல்லை. வலையில்லாம ஆடினா கூட்டம் அதிகமா வரும்னு முதலாளி அவிழ்க்கச் சொல்லிட்டார்."

கயிறு கீழே பார்த்தது. வெறும் தரைதான் இருந்தது.

மேளம் முழங்கியது. ஃபிலோமினா ஏணியில் ஏறி வந்து, வழக்கம்போலக் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். விறைப்பாக இருந்துவிட்டால் அவளுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் கயிறு உடம்பைத் தளர்த்தியது. அறுந்த புரியின் நுனி வெளியே வந்து அவள் விரலில் குத்தியது.

அவள் குனிந்து பார்த்தாள். "கயிறு போச்சு! இதை மாத்துங்க, வலையையும் கட்டுங்க. அப்புறம்தான் ஆடுவேன்!" என்று கத்தினாள்.

கூட்டம் விசிலடித்துக் கேலி செய்தது. முக்கால் மணி நேரம் கழித்துப் புதுக் கயிறு ஏறியது, கீழே வலையும் கட்டப்பட்டது. பழையதை வெட்டி, ஒரு துண்டால் வாசல் திரையைக் கட்டிவைத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. அந்தத் துண்டு அண்ணாந்து பார்த்தது. இத்தனை வருஷமும் அவளுடைய எடையை மட்டுமே அறிந்திருந்த கயிறு, அவள் பறப்பதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தது.